உஷார்! எதிரே கதை சொல்வது யார்?

பாபநாசம், கபிஸ்தலம், அய்யம்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கத்துப் பெற்றோர்களே, உஷார்! பிள்ளையின் கைபேசியிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வரவில்லை, ரீல்ஸ் சிரிப்பு வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எட்டிப் பார்த்தால் திரையில் வெறும் எழுத்துதான் தெரியும். "என்னடா பண்ணிக்கிட்டிருக்கே?" என்று கேட்டால், "கதை படிக்கிறேம்மா" என்பான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கதை அவனிடம் கேள்வி கேட்கிறது. அவன் பதில் சொல்கிறான். சொன்ன பதிலெல்லாம் எங்கோ சேர்ந்துகொண்டே இருக்கிறது.

விளையாட்டு இப்படிப் போகும்: நீ அடர்ந்த காட்டில் தனியாக மாட்டிக்கொண்டாய். கையில் ஒரு கத்தி, அரை பாட்டில் தண்ணீர். பொழுது சாய்கிறது. தூரத்தில் புகை தெரிகிறது. புகையைப் பார்த்துப் போகிறாயா, மரத்தில் ஏறுகிறாயா, ஆற்றைத் தாண்டுகிறாயா? ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பும். தப்பாகத் தொட்டால் நாயகன் சாவான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். படம் இல்லை, பாட்டு இல்லை, பத்து எம்பி டேட்டா கூடச் செலவாகாது. தாத்தாவின் பழைய போனிலும் ஓடும். அதனால்தான் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

இந்த ஆட்டமே பாவம் என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், இதைத் தொடங்கிவைத்தவரே ஓர் அப்பா. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் கிரௌதர் என்றொரு புரோகிராமர் இருந்தார். இன்டர்நெட்டுக்கு மூதாதையான அர்ப்பாநெட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு கிடைத்தால் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் இறங்கி, ஊர்ந்து, அளந்து வரைபடம் போடுவார். மனைவியைப் பிரிந்த பிறகு, தன் மகள்கள் கம்ப்யூட்டரோடு விளையாடட்டும் என்று அந்தக் குகையையே எழுத்தில் ஓர் ஆட்டமாகச் செய்து கொடுத்தார். அதுதான் 'அட்வென்ச்சர்'. 1977இல் டான் வுட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் அதுதான் வேர். கதை சொன்னவர் அப்பா, கேட்டவர்கள் மகள்கள், குகையும் நிஜம்.

1979இல் பாண்டம் நிறுவனம் 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' புத்தக வரிசையைக் கொண்டுவந்தது. எந்தப் பக்கத்துக்குத் தாவுவது என்பது வாசகன் கையில் இருந்தது. எங்கே தாவினாலும் ஒரு முடிவு வந்து நிற்கும். 2015இல் 'லைஃப்லைன்' வந்தது. வேற்று நிலவொன்றில் மாட்டிக்கொண்ட டெய்லர் என்ற பாத்திரம் நமக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், நாம் வழி சொல்ல வேண்டும். டெய்லர் தூங்கப் போனால் நிஜமாகவே பல மணி நேரம் கழித்துத்தான் அடுத்த செய்தி வரும். அதை எழுதியவரும் ஒரு மனிதர்தான். அதற்கும் முடிவு உண்டு.

இனிமேல்தான் உஷார். 2019இல் 'ஏஐ டஞ்சன்' வந்தது. அமெரிக்க மாணவர் நிக் வால்டன் செய்தது. இதில் கதையை முன்கூட்டி எழுதிவைக்க யாருமே வேண்டாம். பையன் எதைத் தட்டச்சு செய்தாலும் செயற்கை நுண்ணறிவு அந்த நொடியே அடுத்த காட்சியைக் கட்டித் தரும். அதைத் தாண்டினால் இன்னொன்று, அதையும் தாண்டினால் இன்னொன்று. கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது. இரவு பதினொன்றுக்குத் திறந்தவன் மூன்று மணிக்கு மூடினால், கதை முடிந்ததால் மூடவில்லை. கண் செருகியதால் மூடினான்.

இன்று இதற்குத் தனி ஆப் கூடத் தேவையில்லை. 2025இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் ஏர்டெல் சிம்முக்கு பெர்பிளெக்சிட்டி ஓராண்டு இலவசம். அக்டோபர் கடைசியில் ஜியோவில் இளைஞர்களுக்கு ஜெமினி இலவசம். நவம்பர் 4 முதல் இந்தியர்களுக்கு சாட்ஜிபிடி கோ ஓராண்டு இலவசம். அண்ணன் பெயரில் வந்த இலவசம் தம்பி கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? "நான் காட்டில் மாட்டிக்கொண்டேன், நீ கதையை நடத்து" என்று தமிழிலேயே அடித்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். டைப் அடிக்கத் தெரியாத பொடிசு வாயால் சொன்னாலும் நடக்கும்.

சரி, அவன் அங்கே என்ன அடிக்கிறான்? கதாநாயகன் அவனே என்பதால் சொந்தப் பெயரைத்தான் வைப்பான். பள்ளிக்கூடம், தெரு, ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்கு வழி எல்லாம் கதைக்குள் போகும். கொஞ்சம் பழகிவிட்டால் வீட்டுச் சண்டையும் போகும், அப்பாவின் கடனும் போகும், தான் யாரிடமும் சொல்லாத பயமும் போகும். 2021 ஏப்ரலில் ஏஐ டஞ்சன் நிறுவனம் தகாத உள்ளடக்கத்தைத் தடுக்கிறோம் என்று ஒரு வடிகட்டியை மாட்டியது. அப்போதுதான், வடிகட்டியில் சிக்கிய தனிப்பட்ட கதைகளை நிறுவனத்து ஆட்களே திறந்து படிக்க முடியும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரிந்தது. பெரிய கொந்தளிப்பு. அதே சமயம், அடுத்தவர் கதைகளை வெளியாட்களும் எடுத்துப் பார்க்க வழிவிட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையும் அம்பலமானது. நாட்குறிப்பு என்று நினைத்து எழுதியது தெருச்சுவரில் இருந்தது.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 'கேரக்டர் ஏஐ' என்ற தளத்தில் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு மாதக்கணக்கில் கதை நடத்திக்கொண்டிருந்தான். 2024 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டான். அக்டோபரில் அவன் தாய் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஒரு உயிர் போவதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிவிட முடியாது. வீடு, மனநிலை, நட்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த நிறுவனமே 2025 நவம்பர் 25 முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த முடிவில்லாத உரையாடலை நிறுத்தியது என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாகச் சிறுவர்களுக்கு எதைக் கொடுத்தது தெரியுமா? 'ஸ்டோரீஸ்'. வழிகளில் ஒன்றைத் தொட்டுக் கதையை நகர்த்தும் ஆட்டம். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது.

நம் பக்கம் 'நீலத் திமிங்கலம்' பீதியை மறந்திருக்க மாட்டீர்கள். யாரோ முகம் தெரியாத ஓர் ஆள் செய்தி வழியாக ஐம்பது நாளுக்கு ஐம்பது கட்டளை கொடுப்பான், கடைசிக் கட்டளை சாவு என்று ஊரெல்லாம் பேச்சு. 2017 ஆகஸ்ட் 11இல் மத்திய அரசு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களுக்கு அதன் இணைப்புகளை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. அந்த மாதக் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் இறந்தபோது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. பள்ளிகளில் சுற்றறிக்கை, கீறல் இருக்கிறதா என்று பிள்ளைகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மாக்கள், போனில் திமிங்கலப் படம் இருக்கிறதா என்று தேடிய அப்பாக்கள். 2018 ஜனவரியில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் வேறு: இந்த ஆட்டத்தால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சாவுகளை ஆராய்ந்த குழுவால், எதிலும் அந்த ஆட்டத்தின் பங்கை உறுதிசெய்ய முடியவில்லை. அவ்வளவு பயமும் இல்லாத ஓர் ஆப்பைத் தேடியே தீர்ந்துபோனது. இந்த முறையும் போனில் இருக்கும் படங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பார்க்க வேண்டியது எதிரே கதை சொல்வது யார் என்பதை.

சில நேரம் எதிரே இருப்பவன் திருடன். நம் டெல்டாக்காரர்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய இடம் இதுதான். பணம் கட்டினால்தான் திறக்கும் ஆட்டத்தை "ஃபுல் வெர்ஷன் ஃப்ரீ" என்று டெலிகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஏபிகே என்னும் ஆப் கோப்பாகப் போடுவார்கள். பிள்ளை இறக்கி ஏற்றுவான். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அவன் 'அலவ்' தொடுவான். எழுத்து ஆட்டத்துக்கு எஸ்எம்எஸ் எதற்கு என்று அவனுக்குத் தோன்றாது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களில் ஏபிகே அனுப்பிப் பணத்தை உருவியவர்கள் இதே வித்தையைத்தான் செய்தார்கள். இப்போது உங்கள் வீட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பமாக எடை போட்டுக் கொடுத்தால், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்துவிட்டது என்ற எஸ்எம்எஸ் எந்த போனுக்கு வருகிறது? பையன் காட்டில் மாட்டிக்கொண்டு விளையாடும் அதே போனுக்கு. ஓடிபியும் அதற்கே. ஒரு போக உழைப்பு ஒரு 'அலவ்'வில் போய்விடும்.

திருட்டு என்று சொல்ல முடியாத வழியிலும் காசு போகிறது. 'எபிசோட்', 'சாய்ஸஸ்' மாதிரியான கதை ஆட்டங்களில் நல்ல வழியைத் தொட வைரம் கேட்கும். வைரம் வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். "இலவசமாகப் பார்" என்று தொடங்கி யூபிஐ ஆட்டோபே மாட்டிவிட்டால் மாதாமாதம் அதுவாகக் கழியும். 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. ஒரு நாள் முன்பே தகவல் அனுப்புவார்கள் என்பது விதி. அந்தத் தகவலை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள்!

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாடத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று 2025இல் விதிகள் வந்தன. உயர்நீதிமன்றமும் அவை செல்லும் என்றது. எல்லாம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பந்தயப் பணத்தைத்தான் குறிவைக்கிறது. சந்தா கட்டிக் கதை விளையாடுவது அதில் மாட்டாது. குழந்தைகளின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது. அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் முழுதாக அமலுக்கு வர 2027 ஆகிவிடும். அதுவரை காவல் நீங்கள்தான்.

இனி, என் தூக்கத்தை உண்மையிலேயே கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஆபத்துகள் இரண்டு: ஆறும் பாம்பும். நம் ஊரிலும் அதே இரண்டுதான். நாம் இருப்பது குடமுருட்டி ஆற்றங்கரை. நூறு முறை கதையில் ஆற்றைத் தாண்டியவனுக்கு, நிஜ ஆற்றின் முன் நிற்கும்போது கால் தயங்க வேண்டிய அளவு தயங்குமா?

மாமத் குகையைச் சொன்னவர் அதில் ஊர்ந்து போனவர். இப்போது கதை சொல்லும் யந்திரம் குடமுருட்டியில் கால் நனைத்ததில்லை. மேட்டூர் அணை நிரம்பினால் உபரி நீர் கொள்ளிடத்தில் திரும்பும், காலையில் மணல் திட்டாக இருந்த இடம் மாலையில் வெள்ளமாக இருக்கும் என்பதெல்லாம் நம் பாட்டிகளுக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மணல் அள்ளிய பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். கதை "ஆற்றைத் தாண்டு" என்று சொல்லும்போது இதில் எதையும் கணக்கில் எடுப்பதில்லை.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே துணி துவைக்க வந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி என்ற மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. குதிப்பதா, ஓடிப்போய் ஆள் கூப்பிடுவதா, பார்த்துக்கொண்டு நிற்பதா என்று மூன்றே வழிகளை நீட்டும் எந்த ஆட்டத்திலும் அந்த நான்காவது வழி இருந்திருக்காது. கொடுத்ததிலிருந்து ஒன்றைத் தொட்டுப் பழகிய பிள்ளைக்கு, பட்டியலில் இல்லாததை யோசிக்கும் புத்தி மழுங்குகிறது. என் கணக்கில் இந்த ஆட்டங்களின் பெரிய கேடு அதுதான். மூழ்குபவனைப் பார்த்தால் குதிக்காதே; கயிறு, வேட்டி, சேலை, நீளக் கழி, எது கையில் இருக்கிறதோ அதை வீசு என்பதை உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

பாம்பு விஷயமும் இப்படித்தான். கடிவாயைக் கீறு, ரத்தத்தை உறிஞ்சு, கயிற்றால் இறுக்கிக் கட்டு என்பதெல்லாம் பழைய சினிமா வைத்தியம். அப்படி ஒரு வழி கதையில் வந்து, அதைத் தொட்ட நாயகன் பிழைத்துவிட்டால், பையன் மனதில் அது பாடமாகவே பதியும். நிஜத்தில் மூன்றுமே கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதிலும் கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம் பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தொங்கல் என்று வரும்போதுதான் தெரியும். "வலிக்கவில்லை, தூங்கு" என்ற வழியை அங்கே தொட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது. பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்ததே, அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதால்தான்.

இப்போது என்ன செய்யலாம்? போனைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தால் நாளைக்கே நண்பன் போனில் விளையாடுவான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டுடா" என்று கேளுங்கள். கிரௌதர் மாதிரி புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கூட விளையாடினாலே எதிரே என்ன பேசுகிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும். காட்ட மறுத்தாலோ, நீங்கள் வந்ததும் திரையைத் திருப்பினாலோ கத்தாதீர்கள், ஆனால் விடாதீர்கள். சொந்தப் பெயர், பள்ளி, ஊர், போன் நம்பர் எதையும் கதைக்குள் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பர் முதல் பெற்றோர் கணக்கோடு பிள்ளையின் கணக்கை இணைக்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. தெரியாவிட்டால் பள்ளிக் கணினி ஆசிரியரிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். நெல் பணம் வரும் சிம்மைத் தனி போனில் போடுங்கள், பட்டன் போனாக இருந்தாலும் சரி. ராத்திரி பத்து மணிக்கு எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

பையன் சாப்பாட்டைக் குறைத்து, நண்பர்களை விட்டு விலகி, சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாதீர்கள். டெலி மனஸ் 14416 இலவசம், இரவும் பகலும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் போனால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு. இதைப் படித்து முடித்த கையோடு ஒன்று செய்யுங்கள்: யூபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். நீங்கள் போடாத பெயர் ஏதாவது இருந்தால் இப்போதே ரத்து செய்யுங்கள்.